சோற்றுப் பசையும் தேன்மெழுகும்: பாங்காக்கில் எட்டு நாள்

ஜூலை 10, 2019, புதன்

ரவை போய்விட்டது.

கிளம்பிய இடத்தில், விமானம் ஏறுவதற்கு முன் நடந்த சோதனையில்தான். மிருதங்கத்தைப் பெட்டியில் பூட்டிப் பெரிய சாமான்களோடு அனுப்பிவிட்டேன். ரவைப் பொட்டலத்தை மட்டும் புத்தியில்லாமல் கைப்பையில் வைத்திருந்தேன். மேலே பெயர் ஒட்டாத, வெள்ளையாக, பொடியாக ஒன்று. "என்ன இது?" என்றார் அதிகாரி. "ரவை சார்." "எதுக்கு?" "மிருதங்கத்துக்கு." அங்கேதான் தப்பு நடந்தது. உப்புமாவுக்கு என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். மிருதங்கத்துக்கு ரவை என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தேகத்தை என்னாலேயே குறை சொல்ல முடியவில்லை. பொட்டலம் குப்பைத் தொட்டிக்குப் போனது.

தெரியாதவர்களுக்காக: மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக இருப்பது நிரந்தரம். கிட்டக்கல் பொடியும் சோறும் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து இழைத்து ஏற்றுவார்கள். அதனால்தான் அதற்குச் 'சாதம்' என்றே பெயர். இடந்தலை அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்ப வேண்டும், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அப்பாவிட்டால் அந்தத் தொப்பி (இடந்தலைக்கு இன்னொரு பெயர்) அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும். நான் இங்கே வாசிக்கப்போகும் கட்டுரையே இந்த ரவையைப் பற்றித்தான். சனிக்கிழமை என் முறை.

வந்த காரியம்: பாரம்பரிய இசைக்கான சர்வதேச மன்றம், ஐ.சி.டி.எம். என்பார்கள், அதன் 45-ஆவது உலக மாநாடு. சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் 11 முதல் 17 வரை. சுவர்ணபூமியில் இறங்கி, ரயிலில் பாயா தாய் வரை 45 பாட், அங்கிருந்து மேம்பால ரயில். மிருதங்கப் பெட்டியோடு படிக்கட்டு ஏறியதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஜூலை 11, வியாழன்

பல்கலைக்கழக வளாகம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். இவர்களுக்கு அது வெறும் நிழல் மரம் இல்லை, பல்கலைக்கழகத்தின் அடையாளமே அதுதான். பல்கலைக்கழகத்தின் நிறம் இளஞ்சிவப்பு, அது சுலலாங்கோர்ன் மன்னர் பிறந்த செவ்வாய்க்கிழமைக்கு உரிய நிறம். 1917-இல் தொடங்கிய நிறுவனம், தாய்லாந்தின் முதல் பல்கலைக்கழகம்.

பெயர் அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் எல்லோரும் செய்கிற வேலையை நானும் செய்தேன்: அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் பார்ப்பது. நிகழ்ச்சி நிரல் ஒரு தனிப் புத்தகம். ஒரே நேரத்தில் பல அறைகள். ஒருவருக்கு இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி. எதைக் கேட்கப் போனாலும் அதைவிட நல்லது பக்கத்து அறையில் நடந்துகொண்டிருக்கும் என்ற உறுத்தல் கடைசி வரை போகாது.

இந்த மன்றம் 1947-இல் லண்டனில் தொடங்கியது. முதல் தலைவர் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ். பின்னால் ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயும் தலைவராக இருந்தார். அப்போது பெயர் சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம். 1981-இல் 'நாட்டுப்புற' போய் 'பாரம்பரிய' வந்தது. மதியச் சாப்பாட்டில் என் எதிரே உட்கார்ந்த நடன ஆய்வாளர் ஒருவர், "இன்னும் பெயரில் நடனம் கிடையாது, கவனித்தீர்களா?" என்றார். கவனித்ததில்லை. பத்து வருஷமாக இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவரே கேட்டார், மிருதங்கமா, அப்படியானால் வெஸ்லியன் கதை தெரியுமா என்று. அது தெரியும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் என்பவர் இசை வகுப்புகளைத் தொடங்கினார். அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியதே மிருதங்கத்தைப் பற்றித்தான். தி. ரங்கநாதனை அங்கே அழைத்துவந்து மிருதங்கம் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். 'வேர்ல்ட் மியூசிக்' என்ற சொல்லை உருவாக்கியவர் பிரவுன்தான் என்பார்கள். இசைத்தட்டுக் கடைகளில் அந்தப் பெயரில் ஒரு அலமாரி வந்ததெல்லாம் 1980-களில்தான். மிருதங்கம் படித்தவர் வகுப்பறைக்காகப் போட்ட சொல், கடைக்காரன் கையில் விலைச்சீட்டாகிவிட்டது.

சாயங்காலம் சியாம் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பையன் உட்பட. முடிந்ததும் வீடியோவை மறுபடி ஓடவிட்டது போல எல்லாம் நகர்ந்தது. காலை எட்டுக்கும் இப்படித்தானாம். பகல் முழுக்க அறைக்குள் கேட்ட கட்டுரைகளை விட இந்த ஒரு நிமிடம்தான் இன்று மனதில் நிற்கிறது.

ஜூலை 12, வெள்ளி

இன்று நீளமாக எழுதப் போகிறேன்.

காலையில் ஒரு அமர்வு முடிந்து வெளியே வந்தபோது, தாழ்வாரத்தின் கோடியில் பிபாட் குழு ஒன்று கருவிகளை இறக்கிக்கொண்டிருந்தது. பிபாட் என்பது இவர்களின் பெரிய மேளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு மாதிரி வளைந்த பெட்டிமேல் 21 மரக்கட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட ரனாத் ஏக். வாசிப்பவரைச் சுற்றி வட்டமாக 16 கும்மட்ட மணிகள், கோங் வோங் யாய். பீ என்ற குழல், அதன் சீவாளி பனையோலையில் நான்கு மடிப்பு. கையடக்கமான தாளம், பெயர் சிங். எல்லாவற்றுக்கும் நடுவில், மரத்தாங்கியில் படுக்கையாக, பூமாலை போட்ட ஒரு மத்தளம்: தபோன்.

நேற்று வியாழக்கிழமை, அதனால்தான் மாலை. இங்கேயும் வியாழன் குருவாரம்தான். ஆசிரியரைக் 'க்ரூ' என்கிறார்கள், பேராசிரியரை 'ஆஜான்'. குருவும் ஆசார்யரும் கொஞ்சம் வெயிலில் காய்ந்து வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வாத்தியக் குழுவிலேயே தபோனுக்குத்தான் மரியாதை அதிகம். அதற்குரிய தெய்வம் ப்ர பரகோந்தப், தெய்வீக மத்தளக்காரர். யாரும் கருவியைத் தாண்டிப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள்.

தபோன்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். உட்கார்ந்தார், கும்பிட்டார், மடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பிசின். கட்டைவிரலால் எலுமிச்சங்காய் அளவுக்கு வழித்து உருட்டி, மத்தளத்தின் பெரிய முகத்தின் நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்தார். ஒரு தட்டு. காதைச் சாய்த்தார். ஓரத்தில் நகத்தால் கொஞ்சம் கிள்ளி எடுத்தார். மறுபடி ஒரு தட்டு. ரனாத்காரரைப் பார்த்தார். அவர் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார். இவர் கிள்ளியதில் பாதியைத் திரும்ப ஒட்டினார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக நான் ரவையில் செய்கிற வேலை இது. அந்தக் கிள்ளலும், "கொஞ்சம் அதிகமாப் போச்சே" என்று திரும்ப ஒட்டுவதும்கூட அப்படியே.

பக்கத்தில் இருந்த மாணவி ஆங்கிலம் பேசினாள். அது என்ன என்று கேட்கச் சொன்னேன். சோறு என்றார். வெந்த சோற்றைச் சாம்பலோடு சேர்த்து மசிய அரைத்தது. சோறு ஒட்டுவதற்கு, சாம்பல் கனத்துக்கு. வாசித்து முடித்ததும் துடைத்து எடுத்துவிடுவாராம். "நாங்கள் ரவை போடுவோம்" என்று செய்கையில் காட்டினேன். ரவை என்றால் என்ன என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கவே ஐந்து நிமிடம் ஆனது. கோதுமை என்றதும் அவர் முகத்தைச் சுளித்தார். சோறு இருக்கும்போது யாராவது கோதுமையைத் தேடிப் போவார்களா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ரனாத்காரர் ஒரு கட்டையைத் திருப்பிக் காட்டினார். அடியில் இரண்டு முனையிலும் கறுப்பாக உருண்டைகள், தேன்மெழுகும் ஈயத்தூளும் கலந்தது. அதைக் கூட்டிக் குறைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். மணிகளின் குழிவுக்குள்ளும் அதே மெழுகு. ஆக, மேளம் முழுக்க ஒட்டுவேலைதான்.

இங்கே எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. 1885-இல் லண்டன் கண்காட்சிக்குச் சயாமின் (தாய்லாந்தின் பழைய பெயர்) அரண்மனை இசைக்காரர்கள் போனார்கள். அங்கே அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் அவர்களுடைய கருவிகளின் சுருதியை அளந்தார். ஒரு ஸ்தாயியை 1200 'சென்ட்' ஆகப் பிரிக்கும் முறை அவருடையது, இன்றும் உலகம் முழுக்க அதில்தான் அளக்கிறோம். சயாமில் ஏழு சுரங்களும் சம தூரத்தில், அதாவது ஒவ்வொன்றும் 171 சென்ட் சுமாருக்கு, இருப்பதாகக் கணக்கு வந்தது. அப்புறம் 1900-இல் பெர்லினுக்கு வந்த ஒரு சயாம் குழுவைக் கார்ல் ஸ்டும்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் மெழுகு உருளையில் பதிவு செய்தார். பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகம் அதிலிருந்துதான் தொடங்கியது. பல நாட்டு இசையை ஒப்பிடும் எங்கள் படிப்பு இங்கிருந்து போன மரக்கட்டைகளை அளந்தும் பதிந்தும்தான் நடக்கப் பழகியது. ஆனால் புத்தகங்களில் 171 என்று உறுதியாக நிற்கும் அந்த எண், கட்டைக்கு அடியில் ஒரு மெழுகு உருண்டையாக, வெயிலில் இளகிக்கொண்டு இருக்கிறது. ரனாத்காரர் விரல் பட்டால் எண் மாறும்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட்டேன். மூன்றாவது சுற்றிலேயே மானம் போனது. சிங் திறந்து ஒலிப்பது 'சிங்', மூடி ஒலிப்பது 'சாப்'. நான் முதலில் வந்ததைச் சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், என்று எடுத்துக்கொண்டேன். இங்கே எடை விழுவது கடைசியில், 'சாப்' மேல். சொற்றொடர் தொடங்குவதில்லை, போய்ச் சேருகிறது. மாணவி என் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்திருப்பாள். 1960-இலேயே மேன்டில் ஹூட் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், ஆராய்கிறவன் அந்த இசையை வாசிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். மேற்கோள் காட்டச் சுலபமான கட்டுரை.

கிளம்பும்போது தபோன்காரர் அந்த டப்பாவை என்னிடம் நீட்டினார். நாளைக்கு என் பேச்சில் ரவை இல்லை என்பதை மாணவி சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 13, சனி

பேச்சு நடந்தது. அறையில் பதினான்கு பேர், அதில் இருவர் அடுத்த பேச்சுக்காக முன்கூட்டியே வந்து உட்கார்ந்தவர்கள்.

வெளியே மழைக்கால ஈரம், உள்ளே எலும்பு வரை குளிரும் ஏசி. வலந்தலை அரை மணியில் காய்ந்து இறுகிச் சுருதி ஏறிவிட்டது. கல்லும் புள்ளும் (மரத்துண்டு) வைத்துத் தட்டி இறக்கினேன். சி.வி. ராமன் 1920-இல், நோபல் வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே, நேச்சர் இதழில் காட்டிய விஷயத்திலிருந்து தொடங்கினேன்: சாதாரண முரசின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது, நடுவில் ஏற்றிய கறுப்புச் சாதம்தான் அவற்றைத் தந்தி போலச் சேர்ந்திசைக்க வைக்கிறது. அப்புறம் என் கேள்விக்கு வந்தேன். வலந்தலைச் சாதத்தைப் பற்றி நூறு வருஷமாக இவ்வளவு பேசியிருக்கிறோம், இடந்தலை ரவையை ஏன் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை? வேலை முடிந்ததும் சுரண்டி எறிந்துவிடுவதால்தான் என்பது என் எண்ணம். அருங்காட்சியகத்துக்குப் போகும் மிருதங்கத்தில் ரவை இருக்காது. பார்ப்பவர் கண்ணில் படுவது அரை வாத்தியம்தான்.

பிறகு டப்பாவைத் திறந்து தாய்லாந்துச் சோற்றை இடந்தலையில் அப்பினேன்.

தொம்ம் என்று விழுந்தது. ரவையை விடக் கனம், கொஞ்சம் மந்தம். ரவையில் கிடைக்கும் அந்த நெளிவு, விரலை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி, பாதிதான் வந்தது. ஆனால் ஒட்டு அபாரம். ரவை ஏசியில் கால்மணி நேரத்தில் ஓரம் காய்ந்து உதிர ஆரம்பிக்கும், இது கடைசி வரை அசையவில்லை. பின்வரிசையில் தபோன்காரர் உட்கார்ந்திருந்தார், மொழி புரியாமல் இருபது நிமிடமும். கும்கி வந்தபோது மட்டும் தலையை ஆட்டினார்.

கேள்வி நேரத்தில் ஒருவர், பசையின் எடையை அளந்தீர்களா என்றார். அளக்கவில்லை. அளந்திருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

அமர்வுகளுக்கு மட்டம் போட்டுவிட்டு ஊருக்குள் போனேன். ராட்சச ஊஞ்சல், சாவோ சிங் சா. வாட் சுத்தாட் கோயிலுக்கு எதிரே, சாலை நடுவில், சிவப்புப் பூசிய தேக்குத் தூண்கள், 21 மீட்டர் உயரம். ஊஞ்சல் பலகை இல்லை, தூணும் மேல் வளைவும்தான். 1784-இல் முதலாம் ராமர் என்ற தாய்லாந்து மன்னர் காலத்தில் வைத்தது, இப்போது நிற்பது 2007-இல் புதுப்பித்தது. இதில் ஆட்கள் நின்று ஆடி, உயரத்தில் கட்டிய பண முடிப்பை வாயால் கவ்வுவார்களாம். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935-ஓடு ஆடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய். கூடவே திரிபாவாய். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் தேவஸ்தான் என்ற சின்னக் கோயில், அங்கே அரண்மனைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த வழி என்பது அவர்கள் மரபு. அவர்கள் கையில் இருக்கும் சுவடிகளின் எழுத்து கிரந்தத்தின் வழி வந்தது. தமிழ்ப் பாட்டும் அதில் இருக்கிறது. பொருள் அவர்களுக்குத் தெரியாது, உச்சரிப்பும் நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாத அளவுக்கு மாறிவிட்டது. இந்த மே மாதம் பத்தாம் ராமர் முடிசூடியபோது நடுநாயகமாக நின்று சடங்கு செய்தவர்களும் இவர்கள்தான்.

மூன்று சன்னதி: சிவன், பிள்ளையார், நாராயணன். வெள்ளை உடையும் குடுமியுமாக ஒருவர் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிவன் சன்னதியில் ஓரமாக உட்கார்ந்து 'ஆதியும் அந்தமும்' முணுமுணுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, "அட, எங்கள் பாட்டு!" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கு நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. இங்கே வந்த ஆய்வாளர்கள் பலரும் மூலத்தோடு ஒப்பிட்டு எது சிதைந்தது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வேலையில் ஆர்வம் வரவில்லை. அர்த்தம் தெரியாமலே ஒரு பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்க எப்பேர்ப்பட்ட பயிற்சி வேண்டும், எந்த இடத்தில் மூச்சு விடுகிறார்கள், பிழை விட்டால் குரு எப்படித் திருத்துவார்? அதைக் கேட்க ஜனவரியில் வர வேண்டும்.

திரும்பும் வழியில் சீலோம் மாரியம்மன் கோயில். ஊர்க்காரர்களுக்கு வாட் கேக். தமிழர்கள் கட்டிய கோபுரம், உள்ளே கூட்டத்தில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள், கையில் செவ்வந்தி மாலையும் தேங்காயும். படம் எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

காலை மூன்று பேச்சு, மதியம் நான்கு. ஒன்று அருமை, ஐந்து பரவாயில்லை, ஒன்றில் தூங்கிவிட்டேன். ஏசிக்குச் சால்வை வாங்கினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள், குரு பூர்ணிமை. இங்கே அசல்ஹ பூஜை, புத்தர் முதல் உபதேசம் செய்த நாள். பொது விடுமுறை, கடைகளில் மது விற்கக் கூடாது. காலையில் எராவன் பிரம்மா சன்னதிக்குப் போனேன், பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிற தூரம். 1956-இல், பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஓட்டலில் அடுத்தடுத்து விபத்து நடந்ததால் வைத்த சாமி. வேண்டுதல் பலித்தவர்கள் நடனம் சமர்ப்பிக்கிறார்கள், ஆனால் தாங்கள் ஆடுவதில்லை. அங்கேயே ஒரு குழு இருக்கிறது. எத்தனை பேர் ஆட வேண்டுமோ அதற்கேற்பக் கட்டணம். பணம் கட்டியவர் முழந்தாளிட்டு உட்கார, அவர் பெயரைப் பாட்டில் சேர்த்து ஆடுகிறார்கள். தலைக்கு மேலே மேம்பால ரயில் போகிறது.

நேற்றைய பேச்சுகளில் இரண்டு, சடங்கு எப்போது நிகழ்ச்சியாகிறது, காசு வந்ததும் பக்தி என்னவாகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவை. இங்கே ஒரு நடனப் பெண் இரண்டு சுற்றுக்கு நடுவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்த அம்மாள் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, ஒன்று இன்னொன்றைக் கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரவு வாட் ஹுவா லம்போங். பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு சன்னதியை வலமாக மூன்று சுற்று. மெழுகு விரலில் சொட்டியது. விடியற்காலை சந்திர கிரகணம் என்றார்கள். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன், மேகம்.

ஜூலை 17, புதன்

கடைசி நாள். தபோன்காரர் அந்த மாணவியோடு வந்திருந்தார். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மாணவி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: அந்தக் கோதுமைப் பசையைத் தன் தபோனில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டுமாம். பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லையாம்.

விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை முடிந்து உள்ளே போனால் பாற்கடல் கடைகிறார்கள், ஒரு பக்கம் தேவர், ஒரு பக்கம் அசுரர், நடுவே மந்தரமலை. அதன் எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இடந்தலையில் சாம்பல் கறை இன்னும் போகவில்லை, இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்தும். தாய்லாந்துக்குத் தபாலில் கால்கிலோ ரவை அனுப்ப முடியுமா, சுங்கத் தாளில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'மிருதங்கத்துக்கு' என்று மட்டும் எழுத மாட்டேன்.